நார்ஸ் புராண ஓவியத்தை ஆல்பம் அட்டைக்கு விற்பது எப்படி? பாலக்காட்டு எல்லைப்பக்க ஓவியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வட்டாரத்தில் கை ஓடுகிற ஓவியர்களுக்குக் குறைவில்லை. வேலைக்குத்தான் குறைவு. ஃப்ளெக்ஸ் வந்து பேனரைத் தின்றுவிட்டது. கோயில் சுவரும் தேர்தல் சுவரும் ஆண்டு முழுக்கச் சோறு போடாது. ஆனால் பெரிய முகம், பின்னாலிருந்து அடிக்கும் வெளிச்சம், புகை, நெருப்பு, கோபக் கண் என்று பேனர்க்காரர்கள் பழகிய அதே கைவேலையைக் காசு கொடுத்து வாங்கும் கூட்டம் ஒன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது. ஓடின், தோர் என்ற தேவர்கள், ஃபென்ரிர் என்ற ஓநாய் என்று வடதேசப் புராணத்தை, அதாவது நார்ஸ் புராணத்தைப் பாடுகிற மெட்டல் இசைக்குழுக்கள்தான் அவர்கள். அவர்கள் வினைல் தட்டு போடும்போது, 12 அங்குல அட்டைக்குக் கையால் தீட்டிய படம் கேட்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஓவியம் தீட்டி முடித்தால் கையில் இருப்பது ஒரு சரக்கல்ல, மூன்று. அட்டையில் அச்சிடும் உரிமம் ஒன்று. சட்டை, கொடி, போஸ்டர், மேடைப் பின்திரைக்கான உரிமம் இன்னொன்று. கேன்வாஸ் மூன்றாவது. புதிதாக வருகிறவர் "படம் இவ்வளவு" என்று ஒரே தொகை சொல்லி மூன்றையும் கொடுத்துவிடுகிறார். கேன்வாஸை ஒரு ரசிகருக்கும் உரிமத்தைக் குழுவுக்கும் விற்கலாம். கேன்வாஸை வாங்கியவருக்கு அதை அச்சிடும் உரிமை வராது. உரிமம் வாங்கியவர் கேன்வாஸைக் கேட்க முடியாது. கீழே சொல்லும் விலை, ஒப்பந்தம், வரி எல்லாம் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கின்றன.

1. கதையைச் சரியாகப் படியுங்கள்

வாங்குகிறவர்கள் இந்தப் புராணத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். தவறு ஒன்று கண்ணில் பட்டால் பதிலே போடமாட்டார்கள். மூல நூல்கள் இரண்டுதான். ஒன்று, ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோர்ரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் எழுதிய உரைநடை எட்டா. மற்றது, 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் பிழைத்த செய்யுள் எட்டா. இரண்டின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சூப்பர்ஹீரோ படங்களைப் பார்த்துத் தீட்டாதீர்கள். பழைய கதைகளில் தோருக்குச் சிவந்த தாடி. வெள்ளாடுகள் இழுக்கும் தேர். சுத்தியலுக்குக் கைப்பிடி குட்டை. மழுங்கச் சவரம் செய்த பொன்முடித் தோரைத் தீட்டினால் ரசனைக் குறைவோடு போகாது. காமிக்ஸ் நிறுவனத்தின் உரிமைச் சிக்கலும் சேர்ந்து வரும்.

நம் பக்கத்துக் கைக்கு அடிக்கடி வரும் பிழைகள் சில.

மரம்: உலகங்களைத் தாங்கும் இக்திராசில் என்பது ஆஷ் மரம். இங்கே பலரும் விழுது தொங்கும் ஆலமரத்தை வரைந்துவிடுகிறார்கள். ஆஷுக்கு விழுது கிடையாது. தண்டு நிமிர்ந்து போகும். ஒரே ஈர்க்கின் இருபுறமும் எதிரெதிராகச் சிற்றிலைகள் இருக்கும். கதைப்படி மூன்று வேர், நீட்ஹோக் என்ற பாம்புநாகம் வேரைக் கடிக்கும், உச்சியில் கழுகு, இரண்டுக்கும் நடுவே வசவைச் சுமந்து ஏறி இறங்கும் ரத்தாதொஸ்க் என்ற அணில். அந்த அணிலின் முதுகில் மூன்று கோடு போட்டுவிடாதீர்கள். அங்கே இருப்பது செவ்வணில். காதில் முடிக்குஞ்சம் இருக்கும்.

காகம்: ஓடினின் ஹுகின், முனின் இரண்டும் அண்டங்காக்கையைவிடப் பெரிய ரேவன். கழுத்தில் சாம்பல் பட்டை கிடையாது. அலகு தடிமன், தொண்டையில் தாடிபோல் சிலிர்த்த இறகு, பறக்கும்போது வால் ஆப்பு வடிவம். வீட்டுக் காக்கையைப் பார்த்து வரைந்தால் உடனே தெரிந்துவிடும்.

தலைக்கவசம்: கொம்பு வேண்டவே வேண்டாம். வைக்கிங்குகள் கொம்புக் கவசம் போட்டதற்குச் சான்றில்லை. அது 1876இல் பாய்ரூத்தில் அரங்கேறிய வாக்னர் இசைநாடகத்துக்குக் கார்ல் எமில் டோப்ளர் வடிவமைத்த உடையிலிருந்து பரவியது. உண்மையான மாதிரி வேண்டுமானால் 1943இல் நார்வேயின் ஜெர்முன்ட்பூவில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுக் கவசத்தின் படத்தைப் பாருங்கள்: உருண்டைத் தொப்பி, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போன்ற இரும்பு வளையம், அவ்வளவுதான்.

உடல் விவரம்: ஓடினுக்கு ஒரு கண்தான், எந்தக் கண் போயிற்று என்று மூலத்தில் இல்லை, ஆனால் ஒரே ஆல்பத்தின் முன்னட்டையிலும் உள்தாளிலும் கண் மாறிவிடக் கூடாது. ஃபென்ரிர் ஓநாய் கடித்தது தீர் என்ற தேவனின் வலது கை. ஸ்லெய்ப்னிர் குதிரைக்கு எட்டுக் கால். செத்தவர் உலகின் அரசி ஹெல் பாதி நீலக்கறுப்பு, பாதி சதை நிறம். வெளிச்சத்தையும் கவனியுங்கள். வடதேசத்தில் சூரியன் தாழ்வாக நிற்கும், நிழல் நீளும், பனி மேல் விழும் நிழல் நீலமாக இருக்கும். நம் பாலக்காட்டுச் சித்தூர் வெயிலின் உச்சிவேளை நிழலைப் பனியில் போட்டால் படம் பொய்யாகிவிடும்.

ராக்னராக் என்ற உலக முடிவுப் போரையே எல்லோரும் தீட்டுகிறார்கள். ஆள் அதிகம் தொடாத காட்சி வேண்டுமானால்: செத்தவர்களின் நகங்களால் கட்டிய நாக்ல்ஃபார் கப்பல், நடுவே கோடையே வராமல் தொடரும் மூன்று குளிர்காலம், வெட்டிய தலையாகவே இருந்து ஓடினுக்கு ஆலோசனை சொல்லும் மீமிர், சூரியனைத் துரத்தும் ஓநாய். ஃபென்ரிரைக் கட்டிய க்ளெய்ப்னிர் என்ற கயிறும் நல்ல விஷயம். பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் என்று ஆறு இல்லாத பொருட்களால் திரித்த பட்டுநாடா அது. சங்கிலியாக வரைந்தால் கதை தெரியாதவர் என்று அர்த்தம்.

2. எழுத்தும் சின்னமும்: இதில் விளையாடாதீர்கள்

ரூன் என்ற பழைய வடதேச எழுத்து அழகுக்காகக் கண்டபடி போடும் கோலமல்ல. வைக்கிங் காலத்தில் புழங்கியது 16 எழுத்து வரிசை. அதற்கு முந்தையது 24 எழுத்து வரிசை. இரண்டையும் கலக்காதீர்கள். குழு கேட்காவிட்டால் ரூனே போடாதிருப்பது நல்லது. திசைகாட்டிச் சின்னம் என்று பச்சை குத்திக்கொள்கிற வேக்விசிர் வைக்கிங் காலத்ததே அல்ல. 1860இல் ஐஸ்லாந்தில் தொகுத்த கையெழுத்துப் பிரதியில் இருப்பது.

இதைவிடப் பெரிய ஆபத்து நாஜிச் சின்னம். ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 86அ பிரிவு அத்தகைய சின்னங்களைத் தடை செய்கிறது. மின்னல் போன்ற ரூன் இரண்டு சேர்ந்து வந்தால் தீர்ந்தது. கால் வைத்த ஓத்தல ரூன், ஓநாய்க்கொக்கி, பன்னிரண்டு ஆரக் கறுப்புச் சூரியன் இவையும் சிக்கல். நம் வழக்கப்படி கேன்வாஸின் பின்னால் பிள்ளையார் சுழியோடு ஸ்வஸ்திகம் போடுகிறவர்கள் உண்டு. ஜெர்மனிக்குப் போகும் படத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள். எதிர்ப்பக்கமும் பாருங்கள்: இந்த இசையின் ஓரத்தில் இனவெறிக் குழுக்கள் சில உண்டு. ஆர்டர் வந்ததும் அந்தக் குழுவின் பாடல் வரி, பழைய அட்டை, வெளியீட்டு நிறுவனம் மூன்றையும் அரை மணி நேரம் தேடுங்கள். ஒருமுறை உங்கள் பெயர் அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டால் மற்றவர்கள் தொடமாட்டார்கள்.

3. அளவு, இடம்விடல், சாயம்

எல்.பி., அதாவது 12 அங்குல வினைல் தட்டின் அட்டை ஏறத்தாழ 315 மி.மீ. சதுரம், வெட்டுக்கு நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதல். சி.டி. புத்தக அட்டை 120 மி.மீ. சதுரம். இரட்டை மடிப்பு அட்டை கேட்டால் இரண்டு மடங்கு அகலம். எல்லா அச்சகமும் தன் சொந்த வார்ப்புருவைக் கொடுக்கும். முதல் ஸ்கெட்ச்சுக்கு முன்பே குழுவிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

படத்தை 18 அல்லது 24 அங்குலச் சதுரத்தில் தீட்டுங்கள். அட்டைக்குச் சுருக்கும்போது தூரிகைக் கோடு இறுகி, வேலை நுணுக்கமாகத் தெரியும். அதைவிடப் பெரிதாகப் போனால் கூரியர் செலவு விலையைத் தின்னும். மேல் கால்பாகத்தில் முக்கியமானதை வைக்காதீர்கள். குழுவின் லோகோ அங்கேதான் உட்காரும், மெட்டல் லோகோக்கள் முள்வேலி மாதிரி அகலமாகப் பரவும். ஓரத்திலிருந்து 1 அங்குலத்துக்குள் முகம், கை, ஆயுத நுனி எதுவும் வேண்டாம். ஸ்கெட்ச் முடிந்ததும் போனில் படமெடுத்து நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஓடினா ஓநாயா என்று தெரியவில்லை என்றால் படத்தின் அமைப்பை மாற்றுங்கள், அதுவரை சாயத்தைத் தொடாதீர்கள். இந்தக் காலத்தில் அட்டையைப் பெரும்பாலோர் பார்ப்பது அந்த அளவில்தான்.

புதியவர்களுக்கு அக்ரிலிக் போதும். எண்ணெய்ச் சாயம் அழகு. ஆனால் இடவப்பாதி மழையில் காய வாரக்கணக்கில் இழுக்கும், இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இசைக்குழுக்களின் தேதி அவ்வளவு பொறுக்காது. ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு முறை, நடுவே 220 எண் உப்புத்தாள். மழைக்காலத்தில் கேன்வாஸ் தொய்யும்; மூலைக் கட்டைகளைத் தட்டி இழுத்துக்கொள்ளலாம். கேன்வாஸைச் சுவரை ஒட்டிச் சாய்த்து வைக்காதீர்கள், பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். மார்கழி, தையில் நேர்மாறான தொல்லை: கணவாய்க் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும். வார்னிஷ் அடிக்கிற அன்று ஜன்னலைச் சாத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும், அதாவது பென்சில், அடிச்சாயம், பாதி வேலை, முடிவு என்று தேதி தெரிய போட்டோ எடுத்து வையுங்கள். கணினி உருவாக்கிய படம் என்று ரசிகர்கள் சந்தேகப்பட்டால் குழுவின் பெயர் கெடுகிறது. ஆகவே வேலை நடக்கும் படங்களைக் கேட்டு வாங்குகிறார்கள். இந்தப் படங்கள் இல்லாததாலேயே ஆர்டர் கைநழுவிப் போகும்.

4. படத்தைப் படமெடுத்தல்

கேன்வாஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அச்சகத்துக்குப் போவது கோப்புதான். பெரும்பாலான புகார் இங்கேதான் பிறக்கிறது.

வார்னிஷ் அடிப்பதற்கு முன்பே படமெடுங்கள்; அடித்தபின் இருட்டுப் பகுதி முழுக்கப் பளபளப்பு தெறிக்கும். கேமராவை ட்ரைபாடில் வைத்து, லென்ஸ் கேன்வாஸின் நடுவுக்கு நேராக, இரண்டும் இணையாக இருக்கும்படி நிறுத்துங்கள். இருபுறமும் 45 பாகையில் ஒரேமாதிரியான எல்.ஈ.டி. விளக்கு இரண்டு, நிறத்தரம் (சி.ஆர்.ஐ.) 95க்கு மேல் உள்ளது. ட்யூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம். ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 8, டைமர் வைத்து எடுங்கள். நிறம் சரிபார்க்கச் சாம்பல் அட்டை ஒன்றை ஓரத்தில் வைத்து ஒரு படம் தனியாக.

கணக்கு இது: 315 மி.மீ.யோடு வெட்டுக்கான 6 மி.மீ. சேர்த்து 321. அதை 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சிட ஒரு பக்கத்துக்கு 3,791 பிக்ஸல் வேண்டும். 24 மெகாபிக்ஸல் கேமரா 6,000க்கு 4,000 தரும். சதுரமாக வெட்டினால் 4,000. நூலிழையில் போதும். எனவே கேன்வாஸ், கேமராவில் தெரியும் சட்டத்தை முழுதாக நிரப்பும்படி நெருங்கி எடுக்க வேண்டும். இரட்டை மடிப்புக்கு 7,500க்கு மேல் வேண்டும். அதற்குத் துண்டு துண்டாக எடுத்து இணைக்க வேண்டும். இணையத் தளங்களுக்கு 3,000 பிக்ஸல் சதுர ஜே.பெக் தனியாகக் கொடுங்கள்.

நெருப்பு அரக்கன் சூர்த்தின் நெருப்புக்கு நீங்கள் போட்ட காட்மியம் ஆரஞ்சும், பனிக்குப் போட்ட தாலோ நீலமும் திரையில் ஜொலிக்கும். நாலு நிற அச்சில் செங்கல்லாகவும் சாம்பலாகவும் இறங்கும். இருட்டு இன்னும் இருட்டாகும். முடிந்தால் கோயம்புத்தூரில் எந்த டிஜிட்டல் அச்சகத்திலாவது ஒரு ப்ரூஃப் (சோதனை அச்சு) போட்டு, கறுப்பில் விவரம் அமுங்கியிருந்தால் கோப்பில் நிழலை மட்டும் சற்றே ஏற்றுங்கள். குழுவுக்குத் திரை நிறத்தில், அதாவது ஆர்.ஜி.பி.யில் உள்ள டிஃப் கோப்பைக் கொடுங்கள், அதை நாலு நிற அச்சுக்கான சி.எம்.ஒய்.கே.க்கு மாற்றுவதை அச்சகத்தின் நிறச்சுட்டிப்படி (ப்ரொஃபைல்) அவர்களே செய்யட்டும். நீங்கள் கண்மூடித்தனமாக மாற்றிக்கொடுத்தால் பழி உங்கள் தலையில்.

5. வாங்குகிறவரைத் தேடுதல்

எட்டுப் படம் போதும், இருபது வேண்டாம். அதில் பாதி, யாருக்கும் விற்காத தயார்ப் படமாக இருக்கட்டும். அவசரத்தில் இருக்கும் சின்னக் குழுக்கள் தயார்ப் படத்தைத்தான் முதலில் கேட்கும். குழுக்கள் தங்கள் இசையை விற்கும் பாண்ட்கேம்ப் தளத்தில் வைக்கிங் மெட்டல், பேகன் மெட்டல் என்று குறிச்சொல் போட்டுத் தேடுங்கள். முதல் ஆல்பம் வெளியிட்டு ஒன்றிரண்டு வருடம் ஆன குழுவைப் பிடியுங்கள்; அடுத்தது வேலையில் இருக்கும். வினைல் அச்சுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால் வெளியீட்டுக்கு ஆறேழு மாதம் முன்பே அட்டை தேடுவார்கள். பாடல் பதிவு நடக்கிறது என்று சமூக ஊடகத்தில் போட்ட வாரம்தான் எழுதுவதற்குச் சரியான வாரம்.

கடிதம் ஐந்து வரியில் முடியட்டும். அவர்கள் பாடல் ஒன்றின் பெயர், அதற்குப் பொருந்தும் உங்கள் படம் ஒன்று, கையால் தீட்டியது என்பது, எந்த மாதம் வேலை எடுக்க முடியும், இணைப்பு. படத்தை 1,200 பிக்ஸலுக்கு மேல் அனுப்பாதீர்கள். ஐயா, மேடம், வணக்கத்துக்குரிய என்றெல்லாம் எழுதினால் மொத்தமாக அனுப்பும் குப்பை மின்னஞ்சல் என்று தள்ளிவிடுவார்கள்.

போட்டி யாரோடு என்றும் தெரிந்திருக்க வேண்டும். சுவீடனின் பாத்தரி குழு 1988இலும் 1990இலும் வெளியிட்ட ஆல்பங்களின் அட்டையில் இருப்பவை 19ஆம் நூற்றாண்டு ஓவியங்கள்: ஒன்று பீட்டர் நிக்கோலாய் ஆர்போ 1872இல் தீட்டியது, மற்றது ஃபிராங்க் டிக்ஸி 1893இல் தீட்டியது. பழைய அருங்காட்சியக ஓவியம் காசில்லாமல் கிடைக்கும்போது உங்களிடம் ஏன் வர வேண்டும்? அந்தக் குழுவின் பாட்டில் உள்ள காட்சி, சதுர வடிவம், லோகோவுக்கு இடம், வேறு யாரிடமும் இல்லாத படம். இந்த நாலும்தான் நீங்கள் விற்பது. பொதுவான வைக்கிங் கப்பலைத் தீட்டினால் டிக்ஸியோடு மோத வேண்டிவரும்.

6. விலை

அடக்க விலையிலிருந்து தொடங்குங்கள். உதாரணத்துக்கு: கேன்வாஸ், சாயம், வார்னிஷ் 3,500 ரூபாய், 50 மணி நேர வேலை, மணிக்கு 350 வீதம் 17,500. மொத்தம் 21,000. அட்டை உரிமத்தின் விலை இதற்குக் கீழே போகவே கூடாது, கேன்வாஸ் விற்காமலே போனாலும் கூலி வந்துவிட வேண்டும். சட்டை, போஸ்டர் உரிமத்துக்கு அதில் பாதி கேட்கலாம். கேன்வாஸுக்கு அடக்கத்திலிருந்து ஒன்றரை மடங்கு வரை. தயார்ப் படமானால் உரிமத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், ஏனென்றால் திருத்தம் கிடையாது. டாலரிலோ யூரோவிலோ விலை சொல்லுங்கள். பேபால் போன்றவை கட்டணமும் நாணய மாற்று வித்தியாசமும் பிடித்தபின் கைக்கு வரும் தொகையைக் கணக்குப் போட்டு ஏற்றிச் சொல்லுங்கள்.

பாதி முன்பணம் வராமல் பென்சிலைத் தொடாதீர்கள். மீதி, முழு அளவுக் கோப்பு அனுப்பும் முன். திருத்தம் ஸ்கெட்ச்சில் இரண்டு முறை. சாயம் ஏறியபின் சின்னத் திருத்தம் ஒருமுறை. நடுவில் குழு கலைந்தால் முன்பணம் திரும்பாது என்று எழுதி வையுங்கள். குழுக்கள் கலைவது சாதாரண விஷயம்.

கேட்ட விலைக்கு மேல் அனுப்பிவிட்டோம், மிச்சத்தை எங்கள் லாரிக்காரருக்குக் கொடுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் மோசடி. பார்சல் எண் வந்தால் பணம் விடுவிக்கப்படும் என்றாலும் அதுவேதான். பணம் வந்ததா என்பதை உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள், வந்த மின்னஞ்சலை நம்பாதீர்கள்.

7. ஒப்பந்தம்

இங்கேதான் பலர் தெரியாமல் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957 பிரிவு 17 பொதுவாகப் படைத்தவருக்கே உரிமை என்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு: ஒருவர் சொல்லி, பணம் வாங்கிக்கொண்டு தீட்டிய ஓவியத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே உரிமையாளர். அதாவது வாட்ஸாப்பில் பேசி, பணம் வாங்கி, படத்தை அனுப்பினால் மூன்று சரக்கில் இரண்டு கைவிட்டுப் போயிற்று என்று வாதிட இடமுண்டு. தயார்ப் படத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆர்டர் படத்துக்கு "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், குழுவுக்குக் கீழ்க்கண்ட உரிமம் மட்டும்" என்ற வரி கட்டாயம்.

உரிமத்தில் வர வேண்டியவை: ஆல்பத்தின் பெயர், எந்த வடிவம், அதாவது சி.டி., வினைல், கேசட், இணையம், வினைல் எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், சட்டை உண்டா இல்லையா, அட்டையில் உங்கள் பெயர் எங்கே வரும். காலம் எழுதாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளும் (பிரிவு 19). இது குழுவுக்கும் பாதகம்தான். ஆகவே எழுதிக் கேட்பதில் அவர்களுக்கும் வருத்தம் இருக்காது. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி வந்த பிறகே வேலை.

8. கட்டுவதும் அனுப்புவதும்

கூரியர்க்காரர் எடையையும் பார்ப்பார், கொள்ளளவையும் பார்ப்பார். எது அதிகமோ அதற்குக் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. சட்டத்தோடு 24 அங்குலப் படத்தை 70, 70, 12 செ.மீ. பெட்டியில் வைத்தால் கிட்டத்தட்ட 11.8 கிலோவாகக் கணக்காகும், உண்மையில் நாலு கிலோகூட இருக்காது. சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி 75 செ.மீ. நீளம், 16 செ.மீ. தடிமன் குழாயில் வைத்தால் 3.8 கிலோ. இதற்காகத்தான் தீட்டும்போதே நாலு பக்கமும் 5 செ.மீ. வெறும் கேன்வாஸ் விட வேண்டும். வாங்கியவர் தன் ஊரில் மறுபடி இழுத்துக்கொள்வார்.

சுருட்டும் முறை: சாயப்பக்கம் வெளியே. உள்ளே சுருட்டினால் சாயம் நசுங்கி மடிப்பு விழும். சாயத்தின் மேல் சிலிக்கான் பூசிய பேக்கிங் தாள். நியூஸ்பேப்பரோ பபுள் ராப்போ நேராகப் படக் கூடாது. வாளையாறு வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அக்ரிலிக் இளகும், பபுளின் வட்டம் வட்டமான தழும்பு அப்படியே பதியும், பிறகு எதனாலும் போகாது. உள்ளே 4 அங்குல பி.வி.சி. குழாயின் மேல் சுற்றி, அதைப் பெரிய அட்டைக் குழாய்க்குள் இறக்கி, இரு முனையிலும் ஸ்பாஞ்சு அடைத்து, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். குளிர்காலத்தில் போகும் பார்சலுக்கு ஒரு சீட்டு அவசியம்: "வந்தவுடன் பிரிக்காதீர்கள், சூடான அறையில் ஒரு நாள் வைத்துப் பிரியுங்கள்." அக்ரிலிக் குளிரில் கண்ணாடியாக முறுகும், பனியில் நின்று ஆர்வத்தில் விரித்தால் வெடிக்கும். சட்டத்தோடுதான் வேண்டும் என்பவருக்குப் பிளைவுட் பெட்டி செய்யுங்கள். மாமரப் பலகை, ரப்பர்ப் பலகை என்று பச்சை மரத்தில் செய்தால் வெப்பச் சிகிச்சை முத்திரை கேட்பார்கள். பிளைவுட்டுக்கு அது வேண்டாம்.

கேன்வாஸின் பின்னால் பெயர், தலைப்பு, தீட்டிய ஆண்டு மூன்றும் அழியாத மையில் இருக்கட்டும். பழையதுபோல் வெடிப்பும் பழுப்பும் ஏற்றிய படம், நூறாண்டு தாண்டிய தொல்பொருளோ என்று சுங்கத்தில் சந்தேகம் கிளப்பும். ஆண்டு எழுதியிருந்தால் பேச்சு அங்கேயே முடியும். சுங்கப் படிவத்தில் கையால் தீட்டிய அசல் ஓவியம், அக்ரிலிக், கேன்வாஸ், சட்டமில்லை என்று ஆங்கிலத்தில் எழுதி, 9701 என்ற வகை எண்ணைப் போடுங்கள். அச்சுப்பிரதிக்கு அந்த எண் ஆகாது, அது 4911. பரிசுப் பொருள் என்று எழுதிக் குறைந்த மதிப்புப் போடச் சொல்லும் வாங்குபவர் உண்டு. பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான் இழப்பீடு. அமெரிக்காவுக்கு அனுப்புவதானால் கட்டுமுன்பே அன்றைய சுங்க விதியைத் தபால் நிலையத்தில் கேட்டுவிடுங்கள், அது நிலையாக இல்லை.

9. காகிதம்: எல்லை இங்கேதான் இடிக்கும்

கேன்வாஸை வெளிநாட்டுக்கு விற்க ஏற்றுமதி எண் வேண்டும். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் தளத்தில் 500 ரூபாய் கட்டி, பான், வங்கிக் கணக்கு கொடுத்து எடுக்கலாம். தபாலில் அனுப்புகிறவர்களுக்கு அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையம் உதவும்; பாலக்காட்டிலோ கோவையிலோ தலைமை அஞ்சலகத்தில் விசாரியுங்கள். தூரம் பார்த்தால் வேலந்தாவளத்துக்காரருக்கு கோவைதான் வசதி.

ஜி.எஸ்.டி.யில் உரிமம் சேவை, கேன்வாஸ் சரக்கு. சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை, வெளிமாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ கொடுத்தாலும். சரக்கு அப்படியல்ல: மாநிலம் தாண்டினாலே பதிவு என்பது பொது விதி, கைவினைப் பொருளுக்கு நிபந்தனையோடு சலுகை உண்டு. இந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு நாலு கிலோமீட்டர் தள்ளித் தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு கேன்வாஸ் விற்றாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனைதான். பதிவு எடுத்தால் தொழில் நடக்கும் முகவரிக்கு எடுங்கள். கேரளத்துக்கு முதல் இரண்டு எண் 32, தமிழ்நாட்டுக்கு 33. வீடு இங்கே, பதிவு பொள்ளாச்சி அண்ணன் வீட்டு முகவரியில் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் கேன்வாஸை விற்குமுன் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் போதும்.

இன்னொரு தொல்லை பெயர். ஆதாரில் மலையாளத்திலிருந்து பெயர்த்த வீட்டுப்பெயர், பானில் அப்பா பெயரின் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் இரண்டும் இல்லாத வெறும் பெயர் என்று எல்லைப்பக்கத்தில் பலருக்கும் மூன்று பெயர். பேபால் போன்றவை பானும் வங்கிக் கணக்கும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் பணத்தை நிறுத்தி வைக்கும். முதல் ஆர்டர் தேடும் முன்பே அக்‌ஷயா இ-சேவை மையத்துக்குப் போய் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். முன்பணம் வந்து தொங்கும்போது ஓடினால் குழுவின் தேதி தவறிவிடும். வெளிநாட்டுப் பணம் வரும்போது வங்கி கேட்கும் நோக்கக் குறியீட்டில் உரிமத்தையும் சரக்கையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். அதற்கு வசதியாக பில்லையும் இரண்டாகவே போடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்புறை வையுங்கள்: கட்டவாரிப் போட்டோ, மூல டிஃப், ஒப்பந்தம், இரண்டு பில், பணம் வந்த சான்று. சுருக்கிய கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். நாலைந்து வருடம் கழித்து அதே ஆல்பத்தை வேறொரு நிறுவனம் வினைலில் மறுபடி போட விரும்பும். பழைய உரிமம் 300 பிரதிக்கு என்று எழுதியிருந்தால் புதிய உரிமத்துக்குப் புது விலை சொல்லலாம், கோப்பு உங்களிடம்தான் இருக்கும்.